முப்பிடாதி லைன்

எங்க கொட்டாரத் தெருவுல மண்ணுக்கு அடியில என்னென்ன கெடக்குன்னு கேட்டா, கேக்கது கலெக்டராவே இருந்தாலும், இஸ்திரிப் பெட்டியக் கீழ வைக்காமலே நான் ஒப்பிச்சிருவேன், ஏன்னா நான் வண்டியப் போட்டுத் துணி தேய்க்க எடத்துலதான் அந்த மிசின்காரன் மொதமொதல்ல வந்து நின்னான், நின்னு, காதுல ஹெட்போன மாட்டி, தரைய மோந்து பாக்க மாதிரி மிசின அங்கிட்டும் இங்கிட்டும் வீசிக்கிட்டே நடந்து, நீலம் தண்ணிக்கு, செவப்பு கரண்டுக்கு, ஆரஞ்சு டெலிபோனுக்கு, மஞ்ச கேஸுக்குன்னு ரோடு பூரா கோடு போட்டுட்டுப் போனான். அது போக இன்னொண்ணும் கெடந்துது. அது முப்பிடாதியோடது.

முப்பிடாதின்னதும் ஏதோ கோயில் கதை சொல்லுதேன்னு கன்னத்துல போட்டுக்கிடாதீய. நான் சொல்லுதது லெச்சுமணன் பொண்டாட்டி முப்பிடாதிய. என் வண்டிக்கு நேர் எதுத்த வளவு வீட்டுல, காலையில பீடி இலைச் சொளவத் தூக்கி மடியில வச்சா விளக்கு வைக்க வரைக்கும் பீடி சுத்துதவ, சுத்துத வேகத்துல வெரல் கண்ணுக்குத் தெரியாது, வாயும் சும்மா இருக்காது, தெருவுல போற வார ஆளையெல்லாம் உள்ள இருந்தமேனிக்கே வம்புக்கு இழுப்பா. லெச்சுமணன் பெயிண்ட் கடையில லோடு எறக்குதவன். மத்தியானம் சாப்பிட வருவான், வந்து, சோத்துல கைய வைக்க முன்னால அவ தலையில படிஞ்சிருக்க பீடித்தூளத் துண்டால பைய தட்டி விடுவான், அப்பவும் அவ சுத்துததை நிறுத்த மாட்டா. பிள்ளை கிடையாது. அதுக்காக ஒருத்தர ஒருத்தர் சடைச்சிக்கிட்டதும் கிடையாது.

பாதாளச் சாக்கடை போடப் போறாவ, அதுக்குத்தான் இந்தக் கோடு. மனு மேல மனு எழுதிக் கொடுத்து, எழுதிக் கொடுத்தவியள்ல பாதிப்பேரு செத்தும் போய், பொறவு வந்த சாக்கடை அது. மழை பேஞ்சா எங்க தெரு வாறுகால்ல ஓடுத சாக்கடை பொங்கி அடுக்களைக்குள்ள வந்துரும், அரிசிப் பானை மெதக்கும், பச்சப்பிள்ளையத் தொட்டில்ல போட்டு உத்தரத்துக்குப் பக்கத்துல தூக்கிக் கட்டுவோம், தண்ணி வடிஞ்சா காய்ச்சல் வரும். அதனால எங்களுக்கு அந்தக் குழாய் வந்தே ஆகணும். இத மொதல்லயே சொல்லிப்புடுதேன், பொறவு எங்களக் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க.

மிசின்காரன் பேரு ஜெபத்துரை, நாசரேத்துப் பக்கம். வாய்க்கு வாய் யக்கா, அண்ணாச்சின்னு கூப்பிடுத நல்ல பிள்ளை. அவன் கோடு போட்டுக்கிட்டே வந்தவன் முப்பிடாதி வளவுக்கு முன்னால நின்னுட்டான். ஹெட்போனக் கழத்துனான், மாட்டுனான், மறுபடியும் கழத்துனான்.

"யக்கா, செத்த இங்கன வாங்க. இத மாட்டிக் கேளுங்க."

"எனக்கு எதுக்குடே இந்தக் கருமம்?"

"கரண்டுன்னா உம்முன்னு சத்தம் வரும்க்கா. இரும்புன்னா ஊளையிடும். இது தட்டுது."

வாங்கி மாட்டுனேன். தட்டத்தான் செஞ்சுது. டம்மு டம்முன்னு, அவசரமில்லாம, ஆனா நிக்காம. என் நெஞ்சாத்தான் இருக்கும்னு ஹெட்போனக் கழத்திப் பாத்தேன், கழத்துனா சத்தம் இல்ல. "நெஞ்சு அடிக்குதுல்லாடே"ன்னேன். "அப்பிடித்தான் இருக்கு"ன்னான். பொறவு பைக்குள்ள கிடந்த டப்பாக்களையெல்லாம் பாத்துட்டு, "இதுக்கு எந்தக் கலர அடிக்க?"ன்னு எங்கிட்ட கேட்டான். நான் என்னத்தக் கண்டேன்? தெரியாததுக்கு வெள்ளையாம், வெள்ளையில ஒரு வட்டத்தப் போட்டுட்டுப் போனான்.

மறுநா அந்த வட்டத்துல குழி தோண்டுனாவ. கோடு போட்ட எடத்துல ஜேசிபி வைக்கக் கூடாது, கையாலதான் தோண்டணும்கது அவிய சட்டம். இடுப்பளவு தோண்டுனதும் தெரிஞ்சுது: தொடைத்தண்டி கனம், மண்ணு நெறம், ஒட்டு இல்ல, மூட்டு இல்ல, ஒரு எழுத்து எண் இல்ல, தொட்டா காய்ச்சல் விட்ட உடம்பு கணக்கா இளஞ்சூடு. சூப்பர்வைசர் வேலாயுதம் குழிக்குள்ள எறங்கி, இரும்பா சிமிண்டான்னு பாக்கக் கடப்பாரையால லேசா ஒரு தட்டுத் தட்டுனாரு. எதுத்த வளவுக்குள்ள சொளவு கவுந்த சத்தம் கேட்டுது. நான் ஓடிப் போய்ப் பாத்தா, இலையும் தூளும் நூல்கண்டும் தரையெல்லாம் செதறிக் கெடக்க, முப்பிடாதி செவத்துல சாஞ்சு கண்ணு சொருகிக் கெடக்கா. தண்ணியத் தெளிச்சு எழுப்புனா, முழிச்சதும் அவ கேட்ட மொத வார்த்தை, "என்னைய எவன் அடிச்சான்?"

சந்தேகத்தத் தீத்துக்கிடணும்னு ஜெபத்துரை குழிக்குள்ள எறங்கி உள்ளங்கைய அது மேல பைய வச்சான். வீட்டுக்குள்ள இருந்து முப்பிடாதி கத்துதா: "ஆம்பளக் கை! எடுக்கச் சொல்லுங்க!" அவன் அடுப்பத் தொட்டவன் மாதிரி கைய உதறிட்டு மேல ஏறி வந்து, வாசல்ல நின்னு, "யக்கா, மன்னிச்சிருங்க, தெரியாமத் தொட்டுட்டேன்"ன்னு கும்பிட்டான்.

அவ்வளவுதான், விசயம் தெளிஞ்சு போச்சு. சிலருக்கு ஆறு வெரல் இருக்கும், சிலருக்கு ரெட்டைச் சுழி இருக்கும், முப்பிடாதிக்கு ஒரு லைன் இருந்துது. எங்கேருந்து வருதுன்னு ஜெபத்துரை மிசின எடுத்துக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டு தாண்டி ரயில்வே கேட்டு வரைக்கும் தேடிப் பாத்துட்டு, தண்டவாளத்துக்கு அடியில விட்டுட்டேன்னு வந்து சொன்னான். எங்களுக்கும் அதுல பெரிய அக்கறை இல்ல. குடிக்க தண்ணி எந்த அணையிலேருந்து வருதுன்னு யாரு போய்ப் பாத்தா?

ஆபீஸ்காரவிய வந்து பாத்து முடிவு சொல்லுத வரைக்கும் குழிய மூடக் கூடாதுன்னு சுத்தி ரிப்பனக் கட்டிட்டுப் போயிட்டாவ. குழி தெறந்து கெடந்தா எங்க தெரு சும்மா இருக்குமா? மொதல்ல, மார்கழிக் குளுர்ல தயிர் ஒறையலன்னு ஒருத்தி தூக்குச்சட்டிய அது பக்கத்துல எறக்கி வச்சா, கட்டித் தயிரா எடுத்தா. பொறவு தெருவுல உள்ள தூக்குச்சட்டி பூரா அங்கதான் வரிசையில கெடந்துது. கோழிக்குஞ்சுப் பெட்டிய எறக்குனாவ. முட்டுவலிக்காரக் கெழடுக காலத் தொங்கப் போட்டுக்கிட்டு குழியச் சுத்தி ஒக்காந்து அரசியல் பேசுனாவ. ஒருத்தி மஞ்சத்துணியச் சுத்தி, குங்குமத்த வச்சு, சூடத்தப் பத்த வைக்கப் போனா, உள்ள இருந்து முப்பிடாதி, "சூடம் காட்டுததுன்னா உங்க வீட்டுக்காரருக்குக் காட்டுங்க மயினி, எனக்குச் சுடும்"ன்னு போட்ட சத்தத்துல தட்டோட திரும்பி வந்தா. யாராவது ஈரத்துணிய மேல போட்டுட்டா அவ்வளவுதான்: "எவட்டி அது, குளுருதுல்லா!" பேப்பர்காரன் ஒருத்தன் வந்தான், போட்டோ எடுத்தான், போட்டோவுல வெறும் குழாய்தான் தெரியுதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயிட்டான்.

தெருவே கூடி ஒரு ஒழுங்கும் பண்ணுனோம். ஆம்பளைக தொடக் கூடாது, பொம்பளைக அவகிட்ட கேட்டுட்டுத் தொடணும், கைப்பிள்ளைக எப்பவும் தொடலாம். கைப்பிள்ளை விசயத்த அவதான் சொன்னா. ஒறங்காத பிள்ளைகளத் துண்டுல பொதிஞ்சு அது மேல சாத்திப் படுக்க வச்சா அந்த டம்மு டம்முல பிள்ளை அப்பிடியே அசந்துரும், உள்ள இவளும் சொளவு மேல தலை சாய்ஞ்சு ஒறங்கிருவா, பிள்ளையப் பெத்தவ வந்து தூக்குத வரைக்கும் எழுந்திரிக்க மாட்டா. அந்த மாசம் அவ மூஞ்சியில ஒரு தெளிச்சி இருந்துது பாருங்க, அத நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல. லெச்சுமணன் மத்தியானம் வந்தா நேரே வீட்டுக்குப் போகாம, குழி ஓரத்துல குத்த வச்சு, யாரும் பாக்காங்களான்னு பாத்துட்டு, ஒத்த வெரல மட்டும் அது மேல வைப்பான். உள்ள அவ தலையக் குனிஞ்சுக்கிடுவா. நாங்க வேற எங்கயாவது பாத்துக்கிடுவோம்.

ஆனா ஆபீசுன்னு ஒண்ணு இருக்குல்லா. பூமிக்கு அடியில ஒரு லைன் கெடந்தா அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கணும், சொந்தக்காரன் வந்து என்னுதுன்னு சொல்லணும், சொன்னா சாக்கடைக் குழாய அதுக்குக் கீழ எறக்கிக் கொண்டு போவாவ. யாரும் சொல்லலன்னா அதுக்குப் பேரு செத்த லைன், அறுத்து ரெண்டு பக்கமும் மூடியப் போட்டுட்டு வேலையப் பாப்பாவ. தண்ணி ஆபீஸ்லேருந்து ஒரு சின்னப் பையன வந்து பாக்கச் சொன்னாவ, அவன் எங்களுது இல்லன்னுட்டுப் போனான். கரண்டு ஆபீஸ் வந்துது, எங்களுது இல்லன்னுது. டெலிபோன் வந்துது, குனிஞ்சுகூடப் பாக்கல. கேஸ்காரன் மோந்து பாத்துட்டு இல்லன்னான். நாங்க எல்லாரும் குழியச் சுத்தி நின்னு, "அது அவளுதுங்க, அன்னா ஒக்காந்திருக்கால்லா, அவளுது"ன்னு கை நீட்டிக் காட்டுனோம். அவியளும் எட்டிப் பாத்துத் தலையாட்டிக்கிட்டுத்தான் போனாவ.

சாக்கடை போட வந்த எஞ்சினியரம்மாவ மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ள வந்து, முப்பிடாதி பக்கத்துல சம்மணம் போட்டு ஒக்காந்து, அவ கொடுத்த கருப்பட்டிக் காப்பியக் குடிச்சுட்டு, வரைபடத்தத் தரையில விரிச்சாங்க.

"கொஞ்சம் தள்ளிக் கொண்டு போகக் கூடாதாம்மா?"ன்னு லெச்சுமணன் கேட்டான்.

"இந்தப் பக்கம் தண்ணி மெயின், அந்தப் பக்கம் கரண்டு கேபிள். சாக்கடைக்கு வாட்டம் வேணும்பா, நினைச்ச இடத்துல திருப்ப முடியாது. கீழே இறக்கலாம், அதுக்குச் சொந்தக்காரங்க யாருன்னு நான் எழுதணும். மேலே கேட்டுப் பார்த்துட்டேன். எந்த டிபார்ட்மெண்ட்னு கேக்குறாங்க."

"எம் பொண்டாட்டின்னு எழுதுங்கம்மா."

"நாலு கலர் வச்சிருக்கோம்பா. மனுஷிக்குன்னு ஒரு கலர் எங்ககிட்ட இல்லையே"ன்னாங்க, சொல்லிட்டு எழுந்திரிக்கையில அவங்க கண்ணு கலங்கியிருந்துது. கண்ணு கலங்கி என்ன செய்ய?

நடுவுல ஒரு மழை அடிச்சுது. தோண்டுன மண்ணு வாறுகால அடைச்சு, எப்பவும் கணுக்கால் வரைக்கும் வார சாக்கடை முட்டு வரைக்கும் வந்துது. அப்ப தெருவுல ஒரு முணுமுணுப்பு: ஒருத்தி லைனுக்காவ ஒரு தெருவே நாறணுமான்னு. சொன்னவன் வாயில புழுப் பத்தணும்னு நான் நடுரோட்டுல நின்னு மண்ண வாரித் தூத்துனேன். முப்பிடாதி என்னக் கூப்பிட்டு, "யக்கா, அவிய சொல்லுததும் ஞாயந்தான், பிள்ளகுட்டிக்காரவிய"ன்னா. சொல்லிட்டு நூலப் பல்லால கடிச்சு அறுத்துட்டு அடுத்த பீடிய எடுத்துட்டா.

அறுக்கப் போறோம்னு வேலாயுதம் வந்து சொல்லிட்டுப் போன அன்னைக்கி லெச்சுமணன் கடையில இருந்து ஒரு சின்ன டப்பா நீலப் பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கிட்டு வந்தான். பெரிய பிரஷ் இல்ல, படத்துக்குக் கண்ணு எழுதுவாவளே அந்த மெல்லிசு பிரஷ். வேலையாளுக சாப்பிடப் போயிருந்தாவ. வெயில் உச்சியில நிக்கி. அவன் செருப்பக் கழத்தி மேல வச்சிட்டு, குழிக்குள்ள எறங்கி, மண்டி போட்டு, தோளுல கெடந்த துண்டால அது மேல உள்ள மண்ணத் தொடச்சு, மஞ்சத்துணிய அவுத்து மடிச்சு இடுப்புல சொருகிட்டு, அடிக்க ஆரம்பிச்சான். உள்ள அவளுக்குச் சிரிப்புப் பொறுக்கல. "பைய, பைய, கூச்சமா இருக்கு"ன்னு சிரிக்கா, "கொஞ்சம் பொறுடா செல்லம், முடிஞ்சிட்டு"ன்னு இவன் குழிக்குள்ள இருந்து சொல்லுதான், அடிக்கான், ஊதி ஆத்துதான், மறுபடி அடிக்கான், அவ சிரிப்பு வளவத் தாண்டி தெருமுக்கு வரைக்கும் கேக்குது, நாங்க அவங்கவங்க வாசல்ல நின்னு ஆள் வருதான்னு பாத்துக்கிட்டே சிரிக்கோம். எங்க தெரு அப்பிடி ஒத்துமையா நின்னு ஒரு களவு செஞ்சதை அன்னைக்கித்தான் பாத்தேன். மேல ரோட்டுலயும் குழி ஓரத்துல மிச்சமிருந்த வெள்ளைய அழிச்சு நீலக் கோடு போட்டாச்சு.

ஜெபத்துரை வந்து பாத்தான். கோட்டப் பாத்தான், குழியப் பாத்தான், லெச்சுமணன் நகக்கண்ணப் பாத்தான். "தண்ணி லைன்தானா? அன்னைக்கி எங் காதுதான் மந்தம் போல"ன்னு சொல்லிட்டு மிசினத் தோளுல போட்டுட்டான். எஞ்சினியரம்மா வந்தாங்க, குழிக்குள்ள எட்டிப் பாத்தாங்க, யார் மூஞ்சியையும் பாக்காம, "நீலம். கீழே இறக்கிக் கொண்டு போங்க"ன்னாங்க. கொண்டு போனாவ. அவளுக்கு ஒரு அசங்கல் இல்லாம அடியில சாக்கடைக் குழாயப் போட்டு, மண்ணத் தள்ளி, மூடி, மேல நாங்க நடக்க ஆரம்பிச்சோம். சேமியாப் பாயாசம் வச்சுத் தெரு பூரா கொடுத்தோம். அடுத்த மழைக்கு அடுக்களையில ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. தயிர்ச்சட்டி வைக்க எடமில்லாமப் போச்சுன்னு மட்டும் பொம்பளைகளுக்கு ஒரு கொறை.

எஞ்சினியரம்மாவுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆச்சு. அவங்க போட்ட புது வரைபடம் எல்லா ஆபீசுக்கும் போச்சு. அதுல எங்க தெருக் குறுக்க ஒரு தடிச்ச நீலக் கோடு.

எங்க தெரு தண்ணிக்குக் கடைசித் தெரு. குழாயத் தெறந்தா மொதல்ல காத்து வரும், பொறவும் காத்துதான் வரும். ஃபிட்டர் கோமதிநாயகம் இந்தப் பக்கம் தலையக் காட்டுனா எங்க பொம்பளைக பேசுத பேச்சுல அவரு குலமே குளிக்கணும், அந்த மனுசன் அத்தனையையும் சிரிச்சிக்கிட்டே கேட்டுக்கிடுவாரு. வரைபடம் போய்க் கொஞ்ச நாள்ல, ஒரு நா அவரு சைக்கிள மிதிச்சுட்டு வந்த வேகத்தையும் மூஞ்சியில இருந்த பூரிப்பையும் பாத்ததும் நான் பெட்டிய நிமித்தி வச்சேன்.

"ஏத்தா மாடத்தி, இம்புட்டு பெரிய லைன காலுக்கு அடியில வச்சிக்கிட்டா என்னைய ஏசுனிய? காணாமப் போன பழைய லைன் கெடைச்சிட்டுல்லா! மெயினோடயும் உங்க தெருக் குழாயோடயும் இணைச்சாச்சு, வால்வத் தொறக்க வேண்டியதுதான். இனிமே உங்க தெருவுக்கு எந்நேரமும் தண்ணி!"

அப்பத்தான் பாக்கேன், தெருமுக்குல குழி தோண்டியிருக்கு, ஜீப்பு நிக்கி, லைன அறுக்காம மேல கவ்வுத மாதிரி இணைப்பு மாட்டியாச்சு. காலையில இருந்து முப்பிடாதி, தோளுல யாரோ கைய வச்சு அமுக்குத மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, நாங்க பீடி சுத்துத வலின்னு தைலம் தேச்சு விட்டிருந்தோம். நான் இஸ்திரிப் பெட்டிய அப்பிடியே போட்டுட்டு லெச்சுமணனக் கூட்டிட்டு வர ஆள் அனுப்புனேன்.

அவன் ஓடி வந்தான். ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னான். "அண்ணாச்சி, அது தண்ணி லைன் இல்ல. நான்தான் நீலம் அடிச்சேன். அது எம் பொண்டாட்டி."

கோமதிநாயகம் சிரிச்சாரு. பொறவு எங்க மூஞ்சிகளப் பாத்தாரு. குழிக்குள்ள எறங்கி, இணைப்புக்கு அந்தப் பக்கம் கைய வச்சாரு, வீட்டுக்குள்ள இருந்து முப்பிடாதி, "இது யாரு, கோமதி அண்ணாச்சியா? கையில கிரீசு பிசுபிசுக்கு"ன்னு கத்துனா. அவருக்கு அப்பிடியே வேர்த்து ஊத்திட்டு. ஜீப்புல இருந்த ஆபீசர்கிட்ட போய்ப் பேசுனாரு, கையெடுத்துக் கும்பிட்டுப் பேசுனாரு. நாங்களும் போனோம், கால்ல விழுந்தோம். ஆபீசரும் கெட்ட மனுசன் இல்ல, போன் போட்டு மேல கேட்டாரு, மேல உள்ளவன் அதுக்கு மேல கேட்டான். திரும்பி வந்த கோமதிநாயகம் லெச்சுமணன் தோளப் பிடிச்சிக்கிட்டாரு.

"தண்ணி லைன்னா தண்ணி விடணுமாம், லெச்சுமணா. தண்ணி லைன் இல்லன்னா அது செத்த லைன், மெயினோட இணைஞ்சிருக்கதால அப்பிடியே விட முடியாது, இப்பவே அறுத்து மூடியப் போடணுமாம். ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுதாவ. நான் வெறும் ஃபிட்டர்டே."

ஜெபத்துரைக்குப் போன் போட்டேன். வேற எந்த ஊரு ரோட்டுலயோ நிக்கான், வண்டிச் சத்தம் கேக்குது. "யக்கா, நான் கோடு போடுதவன்க்கா. போட்ட கோட்ட மாத்த எனக்கு அதிகாரம் கெடையாதே"ன்னு அழுதான். அந்த எஞ்சினியரம்மா நம்பரும் எங்கயோ அடிச்சு அடிச்சு நின்னு போச்சு. ஒருத்தரும் கெட்டவிய இல்ல. அதுதான் எனக்கு இன்னைக்கி வரைக்கும் ஆத்தாமை, ஒரு கெட்டவன் இருந்திருந்தா அவன் சட்டையப் பிடிச்சிருப்பேன்.

லெச்சுமணன் வீட்டுக்குள்ள போனான். நான் வாசல்ல நின்னேன். முப்பிடாதி சொளவ மடியில வச்சுத்தான் இருந்தா, ஆனா கை ஓடல.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்"ன்னா. "அறுத்தா என்னாகும்னு எனக்குத் தெரியும்ங்க. கடப்பாரை வச்சு லேசாத் தட்டுனதுக்கே கண்ணு இருட்டிட்டு. தண்ணி விட்டா என்னாகும்னு தெரியாது. தெரியாததுக்கே சரின்னு சொல்லிட்டு வாங்க."

"நான்தானட்டி நீலம் அடிச்சேன்..."

"அடிச்சீய. நல்லாத்தான் அடிச்சீய. எனக்கு அன்னைக்கி மாதிரி சிரிப்பு என்னைக்கி வந்துது?" அவன் தலைமயிரக் கையால ஒதுக்கி விட்டா. "போங்க. அவிய காத்துக்கிட்டிருக்காவ."

அவன் போய்ச் சொன்னான். என்ன சொன்னான்னு கேக்கல, தலைய ஆட்டுனதுதான் தெரிஞ்சுது. கோமதிநாயகம் வால்வு மேல ஒக்காந்து, சாமியக் கும்பிட்டு, என்னால ஆனது இதுதான்னு, பைய, ரொம்பப் பைய, கால் திருகு, நிறுத்தி, மறுபடி கால் திருகுன்னு தொறந்தாரு.

முப்பிடாதி மடியில இருந்த சொளவ எறக்கி வச்சா. பொறவு, "வருது"ன்னா. "எப்பிடிட்டி இருக்கு?"ன்னு கேட்டேன். "குளுந்து வருது யக்கா. நல்லாத்தான் இருக்கு, வெயிலுக்கு எதமா." லெச்சுமணன் ஓடி வந்து அவ பொறத்தால ஒக்காந்து நெஞ்சுல சாத்திக்கிட்டான். கொஞ்ச நேரத்துல, "போதும்னு சொல்லுங்களேன், குளுருது"ன்னா. தெருவுல ஒருத்தி விடாம எல்லாரும் ஓடுனோம், போதும் போதும்னு கத்துனோம், பெரிய லைனு அழுத்தம் ஏறிட்டுன்னா வால்வு உடனே திரும்பாதாம், கோமதிநாயகம் அதுல தொங்குதாரு, கூட நாலு பேரு தொங்குதாவ, திரும்பல. நான் என் வண்டிக்கு ஓடுனேன். எனக்கு வேற என்ன தெரியும்? பெட்டியில கங்கு கெடந்துது. யாரு வீட்டுத் துணி, எவன் சட்டை, எதையும் பாக்காம, ஒண்ணொண்ணாத் தேய்ச்சு, சூடு ஆற முன்னால ஓடிக் கொண்டு போய் அவ மேல போட்டேன், மறுபடி ஓடி வந்து தேய்ச்சேன், போட்டேன், பள்ளிக்கூடச் சட்டையும் பட்டுச்சேலையும் போலீஸ்காரரு காக்கியும் அவ கழுத்து வரைக்கும் ஏறிட்டு, பொம்பளைக வரிசையா நின்னு கைமாத்திக் கொடுத்தாளுக, கைப்பிள்ளைகளத் தூக்கியாந்து அவ மேல சாத்துனாளுக. "சூடா இருக்கு யக்கா, மேலுக்கு மட்டும்"ன்னா. அதுதான் அவ எங்கிட்ட பேசுன கடைசிப் பேச்சு. அடுத்த சட்டையோட நான் வாசல் ஏறையில லெச்சுமணன் அவ தலையில இருந்த பீடித்தூளத் தட்டிக்கிட்டிருந்தான், அவ வெரல்கள் சும்மா கெடந்துது.

தெருவுல உள்ள குழாயெல்லாம் அப்ப தண்ணி கொட்டிக்கிட்டிருந்துது. அத்தன வருசமா அதுக்காவ ஏங்குன தெரு, ஒருத்தி கொடத்தத் தூக்கல. வீட்டுக் குழாய மூடக்கூட யாரும் போகல, வாசல் வழியா வழிஞ்சு புதுச் சாக்கடையில சத்தமில்லாம எறங்கிப் போச்சு.

சாயங்காலம் சொந்தக்காரவிய வந்து சேந்தாவ, வந்தவியதான் குழாய்களையெல்லாம் மூடுனாவ. எடுக்க முன்னால குளிப்பாட்டணும், அதுக்குக் கொடத்துல தண்ணி மொண்டு நீர்மாலை எடுக்கணும். முந்தியெல்லாம் ஆத்துக்குப் போவோம், இப்ப ஆறு எங்க, நாங்க எங்க, தெருக்குழாய்லதான் எடுக்கது. பிள்ளை இல்லாதவளுக்குப் புருசன்தானே எடுக்கணும். தலைக்கு மேல நாலு பேரு வேட்டிய விரிச்சுப் பிடிக்க, சங்கு ஊத, லெச்சுமணன் ஈரத்துணியோட கொடத்தத் தூக்கிட்டு நடந்து வந்து, தெருக்குழாய்க்கு முன்னால குத்த வச்சு, கொடத்தக் கீழ வச்சுக் குழாயத் தொறந்தான். தண்ணி வெரல்ல பட்டதும் அவன் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்குச்சு. நானும் குனிஞ்சு கைய நீட்டிப் பாத்தேன். பச்சத்தண்ணி இல்ல. ஒரு ஆள் உடம்புச் சூடு.

கொடம் நெறஞ்சுது, நெறஞ்சு வழிஞ்சுது, வழிஞ்சு அவன் முட்டு நனைஞ்சுது. சங்கு ஊதுதவன் மூச்ச எடுத்துக்கிட்டு மறுபடியும் ஊதுனான், வேட்டி பிடிச்சவியளுக்குக் கை கடுத்து ஆளு மாத்திக்கிட்டாவ. ஒத்த வெரல மட்டும் தண்ணிக்குள்ள வச்சமேனிக்கு லெச்சுமணன் ஒக்காந்திருந்தான். நேரமாவுதுடேன்னு சொல்ல வந்த பெரியவியளும் கிட்ட வந்து பாத்துட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாவ.